ஊழின்மேல் பழி

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்தார் ஒரு பட்டிமன்றம் வைத்தனர். கம்பனா, இளங்கோவா என்று தலைப்புக் கொடுத்தால் முன்வரிசை நாற்காலிகளே நிரம்புவதில்லை என்று செயலாளர் குறைபட்டுக்கொண்டார். ஆகவே இம்முறை விடுதியில் எல்லாரும் பார்த்த ஒன்றைப் பற்றிப் பேசுவோம் என்று முடிவாயிற்று. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் டனேரிஸின் சாவுக்குக் காரணம் ஊழா, எழுத்தின் பழுதா? இதுதான் தலைப்பு. பழுது என்னும் அணியில் என்னைப் பேசச் சொன்னார்கள். வென்றது எந்த அணி என்பது பெரிதன்று. நடுவர் வழக்கம்போல் இரண்டும் உண்டு என்று தீர்ப்புக் கூறிவிட்டு, பொங்கல் ஆறுகிறது என்று எங்களை எழுப்பிவிட்டார். ஆனால் அன்று மேடையில் நான் சொன்ன ஒரு சொல், அறைக்குத் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

தொடரைப் பாராத நண்பர்களுக்காகச் சில சொற்கள். அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2011 ஏப்ரல் தொடங்கி 2019 மே வரை, எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகள் ஒளிபரப்பிய கற்பனைக் கதை இது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவி டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் என்னும் இருவர் உருவாக்கினர். வெஸ்டெரோஸ் என்னும் நாட்டின் இரும்பு அரியணைக்காகப் பல குலங்கள் போரிடுகின்றன. அந்த அரியணையை இழந்த டார்கேரியன் குலத்தின் பெண் டனேரிஸ். அவள் தந்தை பித்துப்பிடித்த அரசன் என்று பெயர் பெற்றவன். தலைநகரையே எரிக்க முனைந்து, தன் மெய்க்காவலன் ஒருவன் கையாலேயே மாண்டவன். மகள் கடலுக்கு அப்பால் வளர்கிறாள். படை வேண்டி அண்ணன் அவளை ஒரு குதிரைவீரர் தலைவனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். கணவனையும் குழந்தையையும் இழந்து, சிதை நெருப்பில் இறங்கி, மூன்று டிராகன் குஞ்சுகளோடு வெளியே வருகிறாள். பின்பு நகரம் நகரமாக அடிமைகளை விடுவிக்கிறாள். அவர்கள் அவளைத் தாய் என்று அழைக்கிறார்கள். உலகின் பல மூலைகளில் பெற்றோர் தம் பெண் குழந்தைகளுக்கு அவள் பெயரை வைத்தார்கள்.

அப்படிப்பட்டவள், கடைசிக்கு முந்திய பகுதியில், சரணடைந்துவிட்ட தலைநகரை டிராகன்மீது அமர்ந்து எரிக்கிறாள். கடைசிப் பகுதியில், அவள் காதலன் ஜான் ஸ்னோ அவளைத் தழுவிய நிலையிலேயே நெஞ்சில் கத்தியைச் செருகுகிறான். ஒரு சொல்லும் பேசாமல் அவள் சாகிறாள்.

அது ஒளிபரப்பானபோது நான் பள்ளி மாணவி. முழுவதையும் பார்த்தது இங்கு வந்த முதற் குளிர்காலத்தில்தான். அறைத்தோழியின் மடிக்கணினியில், ஒரே கம்பளிக்குள். முடிந்ததும் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. "ஏமாற்றிவிட்டார்கள்" என்றாள் அவள். இந்த எண்ணம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 2019 மே மாதத்திலேயே, கடைசிப் பருவத்தை வேறு எழுத்தாளரைக் கொண்டு திரும்ப எடுக்கவேண்டும் என்று இணையத்தில் எழுந்த விண்ணப்பத்தில் பத்து இலட்சம் பேருக்கு மேல் கையொப்பமிட்டார்கள்.

எதிரணியில் பேசிய கணிதத் துறை நண்பர் நன்றாகவே ஆயத்தம் செய்து வந்திருந்தார். அவர் அடுக்கிய சான்றுகள் இவை. 2012-ல் வந்த இரண்டாம் பருவத்தின் இறுதியில் டனேரிஸ் ஒரு காட்சி காண்கிறாள். கூரை இடிந்த அரியணை மண்டபம். எங்கும் வெண்மையாக ஏதோ உதிர்ந்து கிடக்கிறது. அவள் அரியணையைத் தொடக் கை நீட்டுகிறாள், தொடாமலே திரும்பிவிடுகிறாள். அன்று அதைப் பனி என்று எண்ணினோம். ஏழு ஆண்டுகள் கழித்து அதே மண்டபத்தில் நிற்கிறாள். உதிர்வது அவளே எரித்த நகரத்தின் சாம்பல். இம்முறை அரியணையைத் தொடுகிறாள்; சிறிது நேரத்தில் சாகிறாள். டார்கேரியன் குலத்தில் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் தெய்வங்கள் காசைச் சுண்டிப் பார்க்கின்றன, பெருமையா பித்தா என்று, என ஒரு வழக்கும் கதைக்குள் வருகிறது. நான்காம் பருவத்தில், 163 அடிமைக் குழந்தைகளை மரத்தில் அறைந்ததற்குப் பழியாக 163 எசமானர்களை அவள் அறையச் செய்கிறாள். யார் குற்றவாளி, யார் அல்லர் என்று கேட்கவில்லை. "விதை அன்றே ஊன்றப்பட்டது. நீங்கள் அவளைக் காதலித்ததால் பார்க்கவில்லை. அது ஊழ், பழுது அன்று" என்று முடித்தார். கைதட்டல் மண்டபத்தை அதிரச் செய்தது.

அதோடு விடவில்லை. போகிறபோக்கில் என் பக்கம் திரும்பி, "கோவலன் சாவும் ஊழ் என்றுதானே இளங்கோ சொல்கிறார்? அதுவும் எழுத்தின் பழுதா?" என்று ஒரு கணையையும் எய்துவிட்டு அமர்ந்தார்.

என் முறை வந்தது. விதைகள் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. முடிவு தெரிந்தபின் விதைகளைப் பொறுக்குவது எளிது என்று மட்டும் சொன்னேன். வரைதாளில் பத்துப் புள்ளிகளைக் குறித்தபின் அவற்றின் வழியே செல்லும் கோடு ஒன்றை எவரும் வரைந்துவிடலாம். அவளை நல்லரசியாக்கும் புள்ளிகளும் அதே தாளில் இருந்தன. சாம்பலுக்கு அரசியாவதற்கு வரவில்லை என்று ஏழாம் பருவத்தில் மறுத்தவளும் அவள்தான்.

பிறகு அதே தொடரிலிருந்து இரண்டு சாவுகளை எடுத்துக்காட்டினேன். முதற் பருவத்தில் நெட் ஸ்டார்க் தலை வெட்டுண்டு மாண்டான். அரசி செர்சியின் மறைவான குற்றத்தை அவன் கண்டுபிடிக்கிறான். உண்மை வெளிப்பட்டால் அவள் குழந்தைகள் கொல்லப்படுவார்களே என்று இரங்கி, தான் செய்யப்போவதை அவளிடமே சொல்லித் தப்பி ஓடச் சொல்கிறான். அந்த இரக்கமே அவனைச் சிறைக்கு அனுப்புகிறது. மகள்களைக் காக்கச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். இளைய அரசன் ஜாஃப்ரி, தாய் தடுத்தும் கேளாமல் தலையை வாங்குகிறான். ஊழ் என்ற பேச்சே அங்கு இல்லை. ஒவ்வொரு படியும் அவன் குணத்தாலேயே அமைந்தது.

இன்னொருவன் ஹோடர், பேருருவம் கொண்ட பணியாள், தன் பெயரைத் தவிர வேறு சொல் பேசத் தெரியாதவன். 2016-ல் வந்த ஆறாம் பருவத்தில், பிணங்களின் படை துரத்த, பிரான் என்னும் சிறுவனைத் தப்பவிட்டு, கதவை முதுகால் அடைத்து நின்று மாள்கிறான். அந்நேரத்தில் பிரானின் மனம் கடந்த காலத்தில் உலவுகிறது. அதன் வழியே, சிறுவனாயிருந்த ஹோடரின் காதில் அவன் சாகப்போகும் கணத்தின் கூக்குரல் விழுகிறது. கதவை விடாமல் பிடித்துக்கொள் என்னும் அந்த ஆங்கிலத் தொடரே அவன் நாவில் தேய்ந்து தேய்ந்து 'ஹோடர்' என்றாகி, அவன் பெயராகிவிடுகிறது. இதைவிட முற்றிய ஊழ் எந்தக் கதையில் உண்டு? ஆயினும் அதைப் பார்த்த எவரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அழுதார்கள். ஏனெனில் கதவு அடைபடும்வரை அவன் அதைப் பிடித்திருந்ததை நாம் பார்த்தோம்.

டனேரிஸுக்கு அது கிட்டவில்லை. முதல் ஆறு பருவங்களுக்கும் பத்துப் பத்துப் பகுதிகள். ஏழாவதற்கு 7, எட்டாவதற்கு 6. அந்த ஆறுக்குள் நெடுநாள் நண்பன் ஜோராவும், ஒரு டிராகனும், உயிர்த்தோழி மிசாண்டேயும் அடுத்தடுத்து மாள்கிறார்கள். காதலனே தன்னைவிட அரியணைக்கு உரியவன் என்பதும் தெரிகிறது. அவள் மனம் முறியக் காரணங்கள் இல்லை என்று யார் சொல்வது? ஆனால் முறிவதைக் காட்டப் பொழுதில்லை. சரணடைவின் மணி ஒலிக்கிறது, அவள் முகம் ஒரு கணம் தெரிகிறது, டிராகன் எழும்புகிறது. பகைவி இருக்கும் கோட்டை எதிரிலேயே தெரிகிறது. அவளோ தெருத்தெருவாக மக்களை எரிக்கிறாள். அதன்பின் அந்தப் பகுதியில் அவள் முகத்தருகே நம்மை அழைத்துப்போகவே இல்லை. அடுத்த பகுதியில், சிறையில் டிரியன் பேசும் ஒரு பேச்சோடு ஜானின் மனம் மாறுகிறது. அரியணை மண்டபத்தில் அவளுக்கு ஒரு காவலன்கூட இல்லை.

நான் வேதியியல் படிக்கிறவள். வெப்ப இயக்கவியலில் நிலைச் சார்பு, வழிச் சார்பு என்று இரண்டு உண்டு. ஒரு பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது அக ஆற்றலின் மாற்றம் எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும். வெப்பமும் வேலையும் அப்படியல்ல. போன வழியைப் பொறுத்து மாறும். சாவு என்பது நிலை. எல்லாக் கதையிலும் அது ஒன்றே. துயரம் என்பது வழியைச் சார்ந்தது. வழியைக் காட்டாமல் முடிவை மட்டும் காட்டிவிட்டு, அது முன்பே குறிக்கப்பட்டது என்றால் எப்படி ஒப்புவது? இவ்வாறு பேசி வந்தவள் கடைசியில் குரலை உயர்த்தி, "ஊழ் என்பது செய்தவன் ஒளிந்துகொள்ளும் திரை!" என்று முடித்தேன். எனக்கும் கைதட்டல் கிடைத்தது. கோவலனைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லாமலே இறங்கினேன். அதை எவரும் கவனிக்கவில்லை.

நான் சொன்ன, என்னை விடாத சொல் அதுதான்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புரட்டாசியில் ஒருநாள் இரவு பத்து மணிக்குச் சித்தப்பா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சிறுவயது முதல் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது தாயி. மின்விசிறி ஓடுகிறது, இருந்தும் வேர்க்கிறது. நீ அறிவியல் படிக்கிற பிள்ளை, இது என்னவாக இருக்கும்?" என்று கேட்டார். மறுநாள் எனக்குத் தேர்வு. "வாயுவாக இருக்கும் சித்தப்பா. வெந்நீர் குடித்துவிட்டுப் படுங்கள். காலையில் மருத்துவரைப் பாருங்கள்" என்றேன். "நீ சொன்னால் சரிதான்" என்றார். அவருக்குக் காலை வரவில்லை.

ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் மட்டும் இதைச் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். நான்தான் அவர் மடியில் விழுந்து அழுதேன். என் தலையைத் தடவி, "உன் கையில் என்ன இருக்கிறது? அவன் கணக்கு அவ்வளவுதான். விதி. இதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் திரும்ப ரயில் ஏறினேன். அதன்மேல்தான் இரண்டு ஆண்டுகள் உறங்கினேன். பட்டிமன்றத்தில் குரலை உயர்த்தி நான் கிழித்தெறிந்த திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் யார் என்று அன்றிரவு எனக்குத் தெரிந்துபோயிற்று.

உறக்கம் வரவில்லை. விடை சொல்லாமல் விட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. சங்கத்து நூலகத்திலிருந்து எப்போதோ எடுத்துவந்து திருப்பித் தராத சிலப்பதிகாரத்தைப் பிரித்தேன்.

இளங்கோ ஊழ் என்று சொல்வது உண்மைதான். பதிகத்திலேயே சொல்லிவிடுகிறார், இடையிலும் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை. கொலைக்களக் காதையில் படிப்படியாக எல்லாம் இருக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், தன் குற்றத்தை மறைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவன், கோவலன் விற்க வந்த சிலம்பைக் காண்கிறான். அரசன் ஊடல்கொண்ட தேவியைத் தேடிப் போகும் அவசரத்தில் ஆராயாமல் ஆணையிடுகிறான். காவலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் பேசிப்பேசி அவர்கள் தயக்கத்தைக் கரைக்கிறான். குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். எந்தப் படியில் ஒருவர் நின்றிருந்தாலும் கோவலன் பிழைத்திருப்பான். அதை நமக்குக் காட்டியபிறகே அவர் ஊழ் என்கிறார்.

அதைவிட வேறொன்று என்னை நிறுத்தியது. கோவலன் முற்பிறப்பில் செய்த பிழையின் கதையை, இன்னதற்காக இது நேர்ந்தது என்பதை, யார் யாருக்குச் சொல்கிறார்கள்? மதுரையின் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. கணவனை இழந்து நிற்பவளிடம், எல்லாம் முடிந்தபின், பின்னால் வந்து நின்று சொல்கிறது. பாண்டியனுக்கு எவரும் அதைச் சொல்லவில்லை. அவனும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. உடைந்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும், பழி தன்னுடையதே என்று ஒப்பி அந்த இடத்திலேயே உயிர்விட்டான். ஊழ் என்று அவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்று அவனை யாரும் நினைக்கமாட்டோம்.

கணித நண்பருக்கு அன்று சொல்லியிருக்கவேண்டிய விடை எனக்கு அப்போது கிடைத்தது. ஊழ் என்பது பொய்யான சொல் அன்று. அது இழந்தவர்கள் சொல்லிக்கொள்ளவும், இழந்தவர்களுக்குச் சொல்லவும் உரிய சொல். செய்தவர்கள் சொல்லத் தகாத சொல். டனேரிஸுக்காக அழுதவர்கள் அவள் தலையெழுத்து அது என்று சொல்லி ஆறுதல் கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. அவளை எழுதியவர்கள் சார்பில் அதைச் சொல்லும்போதுதான் அது பழுதை மூடும் துணியாகிறது. என் அப்பத்தாவின் வாயில் அந்தச் சொல் அருள். என் வாயில் அது பொய்.

சித்தப்பா உறுதியாகப் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை அறிய வழியில்லை. ஆனால் நெஞ்சில் அமுக்கம், அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுதல், காரணமின்றிக் கொட்டும் வியர்வை, இவை கண்டால் விடியும்வரை காத்திராமல் அப்போதே 108-ஐ அழைக்கவேண்டும் என்பது இன்று எனக்குத் தெரியும். வீட்டில் படித்த பிள்ளை என்று நம்மைத்தான் அழைத்துக் கேட்கிறார்கள். இந்த இதழைப் படிக்கும் நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் அப்படி ஒரு சித்தப்பா இருப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். பொங்கலன்று மேடையில் நான் சொல்லியிருக்கவேண்டியது இதுவே.

மறுநாள் சித்தியை அழைத்தேன். அன்றிரவு சித்தப்பா என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன விடையையும், ஒரு படியும் விடாமல் சொன்னேன். நெடுநேரம் மறுமுனையில் ஒலியே இல்லை. வைத்துவிட்டார் என்றே எண்ணினேன்.

"எனக்கும் அன்றைக்கு அவர் முகம் சரியில்லை என்று தெரிந்தது கண்ணு. கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நானும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இத்தனை நாள் இதை யாரிடம் சொல்வது என்று இருந்தேன்" என்றார் சித்தி.

விதி என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் அழுதோம். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் இசைவோடுதான் இதை எழுதியிருக்கிறேன்.